நோன்பின் அந்தரங்கம்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம். எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அவனுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! இஸ்லாத்தின் கடமைகளில் பெரும்பாலானவற்றிற்கு ஒரு புறத்தோற்றம் உண்டு. தொழுபவரை ஸஃப்பில் காண்கிறோம். ஜகாத் கொடுப்பவரை அதைப் பெறுபவர் அறிகிறார். ஹஜ்ஜுக்குச் செல்பவரை ஊரே கூடி வழியனுப்புகிறது. நோன்பு அவ்வாறன்று. நோன்பாளியும் நோன்பற்றவரும் தெருவில் நடந்து செல்கையில் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றனர். பூட்டிய அறைக்குள் ஒரு மிடறு நீர் அருந்திவிட்டு வெளியே வருபவரையும் உலகம் நோன்பாளி என்றே மதிக்கும். அவர் அருந்தினாரா, இல்லையா என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நோன்பு தனக்கே உரியது என்றும், அதற்குத் தானே கூலி வழங்குவதாகவும் அல்லாஹ் கூறுவதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மற்ற வணக்கங்களும் அவனுக்கே உரியனவாக இருக்க, நோன்பை மட்டும் தனித்துக் கூறியதற்கு இந்த அந்தரங்கத் தன்மையே காரணம் என மார்க்க மேதைகள் விளக்கம் தந்தார்கள்.

அவ்வாறு விளக்கியவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர்கள் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம், அதாவது இஸ்லாத்தின் சான்று எனப் போற்றப்படும் இமாம் அபூஹாமித் முஹம்மது அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஆவார்கள். நோன்பின் படித்தரங்களைப் பற்றி அவர்கள் எழுதியவை ரமளான் பயான்களில் ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லப்படுகின்றன. எனினும், எத்தகைய அனுபவத்திற்குப் பின்னர் அவற்றை எழுதினார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். அன்னாரின் வாழ்வை அறிந்துகொண்டு அந்த எழுத்தை அணுகினால் நோன்பின் உட்பொருள் இன்னும் தெளிவாகும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை ஜமாஅத்தார் முன் வைக்கிறோம்.

தூஸ் நகரின் ஏழைச் சிறுவர்

ஹிஜ்ரி 450, கி.பி. 1058ஆம் ஆண்டில் குராசான் மாநிலத்தின் தூஸ் நகரில் இமாம் அவர்கள் பிறந்தார்கள். அவ்வூர் இன்றைய ஈரான் நாட்டில் மஷ்ஹத் நகருக்கு அருகே உள்ளது. தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுக் குடும்பம் நடத்திய ஏழை. எழுதப் படிக்கத் தெரியாத போதிலும் ஆலிம்களின் சபையில் அமர்வதில் பேரார்வம் கொண்டிருந்தார். மார்க்கச் சட்டம் பேசும் சபைக்குச் சென்றால், தமக்கு அத்தகைய மகன் வேண்டும் என்று துஆச் செய்வார். உபதேச சபைக்குச் சென்றால், உபதேசிக்கும் மகன் வேண்டும் என்று அழுவார். முஹம்மது, அஹ்மது என்ற இரு புதல்வர்களை அல்லாஹ் அவருக்கு அளித்தான். மூத்தவர் சட்ட மேதையானார். இளையவர் புகழ்பெற்ற உபதேசியானார். இந்த துஆக்கள் நிறைவேறியதைக் காணத் தந்தையார் உயிருடன் இல்லை.

மரணத் தறுவாயில் அவர் தம் நண்பரான ஒரு ஸூஃபியிடம் பிள்ளைகளையும், தாம் சேர்த்து வைத்திருந்த சிறு தொகையையும் ஒப்படைத்தார். அத்தொகை தீர்ந்தது. நண்பரும் ஏழை. உணவும் உதவித்தொகையும் கிடைக்கும் மத்ரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு அவர் சிறுவர்களுக்கு அறிவுரை கூறினார். வயிற்றுப்பாட்டிற்காகவே தாங்கள் கல்வியின் வாயிலுக்குச் சென்றதாகவும், ஆனால் அந்தக் கல்வியோ அல்லாஹ்வுக்காகவன்றி வேறெதற்காகவும் இருக்க மறுத்துவிட்டதாகவும் இமாம் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்வார்களாம். பசியை நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர் அவர்கள். பிள்ளைப் பருவத்திலேயே அதனுடன் பழகியவர்கள்.

இளமையில் ஜுர்ஜான் சென்று கற்றுத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களது உடைமைகளைப் பறித்துக்கொண்டனர் என்றொரு செய்தியும் வரலாற்று நூல்களில் உண்டு. தம் பாடக் குறிப்புகளையாவது திருப்பித் தருமாறு அவர்கள் கெஞ்சினார்கள். காகிதங்களைப் பறிகொடுத்தவுடன் பறிபோய்விடும் கல்வி என்ன கல்வி என்று கொள்ளையர் தலைவன் சிரித்துவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். அந்தச் சொல்லை அல்லாஹ் தமக்கு அளித்த எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்ட இமாம் அவர்கள், ஊர் திரும்பி மூன்றாண்டுகள் உழைத்து அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள். வெளியில் இருப்பது உள்ளே இறங்காவிட்டால் அது நமக்குச் சொந்தமாகாது என்ற பாடத்தை அவர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள்.

பாக்தாதின் உயர்பீடம்

பின்னர் நிஷாப்பூர் சென்று இமாமுல் ஹரமைன் அல் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் கல்வி பயின்றார்கள். கி.பி. 1085இல் ஆசிரியர் மறைந்ததும், ஸல்ஜூக் பேரரசின் ஆற்றல்மிகு அமைச்சரான நிஜாமுல் முல்க் அவர்களின் அவைக்குச் சென்றார்கள். அங்கே கூடியிருந்த அறிஞர்களை விவாதத்தில் வென்று பெயர் பெற்றார்கள். ஹிஜ்ரி 484, கி.பி. 1091இல் பாக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக அமைச்சர் அவர்களை நியமித்தார். 1067இல் திறக்கப்பட்ட அக்கல்விக்கூடம் அக்காலத்தில் இஸ்லாமிய உலகின் மிகப் புகழ்பெற்ற கல்விக்கூடங்களுள் ஒன்று. அதன் உயர்பீடத்தில் அமர்ந்தபோது இமாம் அவர்களுக்கு வயது சுமார் 33.

ஏறத்தாழ 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். கலீஃபாவின் அரண்மனையிலும் சுல்தானின் அவையிலும் அவர்களின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. பாடம் நடத்தியது போக எஞ்சிய நேரத்தில், ஆசிரியர் எவருமின்றித் தாமே தத்துவ நூல்களைப் படித்துத் தேர்ந்து, தத்துவவாதிகளின் தவறுகளை மறுக்கும் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூலை எழுதினார்கள். அவர்கள் பாக்தாதில் நுழைந்தபோது அணிந்திருந்த ஆடைகளும் ஏறிவந்த வாகனமும் 500 தீனார் பெறுமானம் உடையவை என மதிப்பிடப்பட்டதாக வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) பதிவு செய்துள்ளார்.

ஹிஜ்ரி 485ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில், கி.பி. 1092 அக்டோபரில், நிஜாமுல் முல்க் நஹாவந்த் அருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். பேரரசின் இரு தூண்களும் அடுத்தடுத்துச் சாய்ந்ததை இமாம் அவர்கள் பாக்தாதில் இருந்தவாறே கண்டார்கள்.

உணவு இறங்காத ஆறு மாதங்கள்

இனி நாம் காணவிருப்பது இமாம் அவர்களின் வாழ்வில் ஏற்பட்ட பெரும் திருப்பமாகும். அல் முன்கிது மினழ் ழலால் என்னும் தம் தன்வரலாற்று நூலில் இதனை அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்கள்.

ஸூஃபியாக்களின் நூல்களைப் படித்த அவர்கள், அவ்வழி ஏட்டில் கற்பதால் கைகூடாது, வாழ்ந்தே அடையப்பட வேண்டும் என்பதை உணர்ந்தார்கள். ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிந்திருப்பது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. அதன் பின் தம்மைத் தாமே சோதித்தார்கள். தம் செயல்களிலேயே மிகச் சிறந்ததாகத் தாம் கருதிய கற்பித்தலை எடுத்துக்கொண்டு அதன் நிய்யத்தை ஆராய்ந்தார்கள். அது கலப்பற்று அல்லாஹ்வுக்காக இல்லை என்பதையும், பதவியும் பரவிய புகழுமே தம்மை அப்பீடத்தில் இருத்தியிருந்தன என்பதையும் கண்டு நடுங்கினார்கள். இடிந்து விழும் கரையொன்றின் விளிம்பில், நெருப்பை நோக்கிச் சரியும் நிலையில் தாம் நிற்பதாக அவர்களுக்குத் தோன்றியது.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்திலிருந்து, அதாவது கி.பி. 1095 ஜூலையிலிருந்து, சுமார் ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. ஒரு நாள் பாக்தாதை விட்டுச் செல்லத் துணிவார்கள். மறுநாள் அத்துணிவு கலைந்துவிடும். காலையில் மறுமையின் நாட்டம் எழும். மாலையில் ஆசைகளின் படை அதனைத் தாக்கிச் சிதறடிக்கும். இறுதியில் அவர்களின் நாவு கட்டுண்டது. மாணவர்களின் மனம் நோகக் கூடாதே என்று ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் எழவில்லை. அந்தத் துயரத்தால் உணவு செரிக்கும் ஆற்றலும் போயிற்று. ஒரு மிடறு பானமும் தொண்டையில் இலகுவாக இறங்கவில்லை. ஒரு கவளம் உணவும் செரிக்கவில்லை. இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய், உள்ளம் அமைதியடைந்தால் அன்றி மருந்தில்லை என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டனர்.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள்! அந்த ஆறு மாதங்களுக்கு நடுவே ஹிஜ்ரி 488ஆம் ஆண்டின் ரமளானும் வந்து சென்றது. உண்ண வழியின்றி மத்ரஸாவைத் தேடிச் சென்ற சிறுவர், செல்வத்தின் உச்சியில் அமர்ந்தபோது உண்ண இயலாதவரானார். வயிறு காலியாக இருப்பது மட்டுமே நோன்பாகுமானால் அந்நாட்களில் அவர்களைவிடப் பெரிய நோன்பாளி பாக்தாதில் இருந்திருக்க முடியாது. ஆயினும் உணவிலிருந்து விலகியிருந்த அவர்களின் உள்ளம் புகழிலிருந்து விலக இயலாமல் தவித்தது. இந்த வேதனையைத் தாமே அனுபவித்ததனால்தான், வெறும் பசியும் தாகமும் நோன்பாகிவிடாது என்பதை அத்துணை ஆழமாக அவர்களால் எழுத முடிந்தது என நாம் கருதுகிறோம்.

வேறு வழியற்ற நிலையில் அல்லாஹ்விடமே மன்றாடினார்கள். பதவியையும் பொருளையும் விட்டு விலகுவதை அவன் அவர்களது உள்ளத்திற்கு இலகுவாக்கினான். ஹிஜ்ரி 488 துல்கஃதா மாதத்தில், மக்காவுக்குச் செல்வதாக வெளியில் கூறிவிட்டு, உள்ளத்தில் ஷாம் நாட்டை நாடிப் புறப்பட்டார்கள். தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். எனினும் குழந்தைகளின் உணவுக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். துறவின் பெயரால் குடும்பத்தைப் பட்டினியில் விடுவதை அவர்கள் மார்க்கமாகக் கருதவில்லை. நிஜாமிய்யாவில் அவர்களின் இடத்தில் தம்பி அஹ்மது பாடம் நடத்தினார்.

மினாராவின் கதவுக்குள்

திமிஷ்கில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தனிமையிலும் தியானத்திலும் கழிந்தன. உமைய்யா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுவதும் அங்கேயே இருப்பார்கள். முன்னூறு பேர் வாய்பார்த்து அமர்ந்திருந்த நாவு, எவரும் கேளாத இடத்தில் திக்ரில் ஈடுபட்டது. பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்று, குப்பத்துஸ் ஸக்ராவினுள்ளும் அவ்வாறே கதவடைத்து அமர்ந்தார்கள். அல் கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிமொழிகள் எடுத்துக்கொண்டார்கள். அரசர்களின் அவைக்குச் செல்வதில்லை, அவர்களின் பொருளைப் பெறுவதில்லை, வாதச் சண்டையில் இறங்குவதில்லை என்பன அவை. பிறகு ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். குழந்தைகளின் அழைப்பு அவர்களைத் தாயகம் நோக்கி ஈர்த்தது.

அந்தத் தனிமைக் காலத்தில் உருவானதே இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல். வணக்கங்கள், வாழ்க்கை நடைமுறைகள், அழிவில் தள்ளும் தீய குணங்கள், ஈடேற்றம் தரும் நற்குணங்கள் என நான்கு பெரும் பகுதிகளும், பகுதிக்குப் பத்தாக 40 பாடங்களும் கொண்டது அது. ஆறாவது பாடம் நோன்பின் இரகசியங்களைக் கூறுகிறது.

நோன்பின் மூன்று படித்தரங்கள்

அப்பாடத்தைப் புறச்சட்டங்களிலிருந்தே இமாம் அவர்கள் துவங்குகிறார்கள். பிறை காண்பது, இரவிலேயே நிய்யத் வைப்பது, நோன்பை முறிப்பவற்றிலிருந்து விலகியிருப்பது ஆகியவை முதலில் வருகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் சட்டக்கலையில் அல் பஸீத், அல் வஸீத், அல் வஜீஸ் என்னும் நூல்களை இயற்றிய மேதை அவர்கள். தமிழகத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் மக்கள் கற்கும் சட்ட நூல்களின் வழிமுறையில் அவர்களுக்குத் தனியிடம் உண்டு. ஆகவே உட்பொருளைப் பேசியவர்கள் சட்டத்தைப் புறக்கணித்தார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சட்டம் கட்டடத்தின் அடித்தளம்; அடித்தளத்தோடு நின்றுவிட்டால் குடியிருக்க முடியாது என்பதே அவர்களின் கருத்து.

அதன்பின் நோன்பை மூன்று படித்தரங்களாக வகுக்கிறார்கள். முதலாவது பொதுமக்களின் நோன்பு. வயிற்றையும் இச்சையையும் தடுத்துக்கொள்வதோடு அது முடிந்துவிடுகிறது. இரண்டாவது ஸாலிஹான நல்லடியார்களின் நோன்பு. கண், காது, நாவு, கை, கால் முதலிய உறுப்புகள் யாவும் பாவத்திலிருந்து நோன்பு வைப்பது அது. மூன்றாவது நபிமார்களும் இறைநெருக்கம் பெற்றோரும் நோற்கும் நோன்பு. அல்லாஹ்வைத் தவிர மற்ற நாட்டங்களிலிருந்து உள்ளமே விலகியிருப்பது அது.

நம்மைப் போன்றோர் முயன்றால் எட்டக்கூடிய இரண்டாவது படித்தரத்திற்கு ஆறு காரியங்களை அவர்கள் விவரிக்கிறார்கள். முதலாவது, இழிவானவற்றிலிருந்தும் இறைநினைவை மறக்கச் செய்பவற்றிலிருந்தும் பார்வையைத் தாழ்த்துவது. இரண்டாவது, பொய், புறம், கோள், சண்டை ஆகியவற்றிலிருந்து நாவைக் காப்பது. மூன்றாவது, பேசத் தகாததைக் கேட்கவும் மறுப்பது. ஏனெனில் புறம் பேசுபவரும் அதைக் காது கொடுத்துக் கேட்பவரும் பாவத்தில் கூட்டாளிகள். நான்காவது, கை கால்களைத் தீமையிலிருந்தும், நோன்பு திறக்கும் வேளையில் வயிற்றைச் சந்தேகமான பொருளிலிருந்தும் தடுப்பது. பகலெல்லாம் ஹலாலான உணவை விட்டுவிட்டு மாலையில் ஹராமான சம்பாத்தியத்தால் நோன்பு திறப்பவரை, ஒரு மாளிகையைக் கட்டுவதற்காக ஒரு நகரத்தையே இடித்தவருக்கு ஒப்பிடுகிறார்கள்.

ஐந்தாவது காரியம் நம் அனைவரையும் தொடுவது. ஹலாலான உணவாயினும் நோன்பு திறக்கும் வேளையில் வயிறு புடைக்க உண்ணலாகாது என்கிறார்கள். பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்து உண்டால், அடங்க வேண்டிய இச்சை எவ்வாறு அடங்கும்? மற்ற மாதங்களில் உண்ணாத வகைவகையான உணவுகளை ரமளானுக்கென்றே சேமித்து வைத்து உண்ணும் வழக்கம் தம் காலத்து மக்களிடம் ஊறிவிட்டதை அவர்கள் வருத்தத்துடன் எழுதுகிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரிகளை இன்று படிக்கையில், நம் வீட்டு இஃப்தார் ஸஹனைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. பகலில் அதிகம் உறங்கிப் பசியைத் தப்பித்துக்கொள்வதையும் அவர்கள் விரும்பவில்லை. பசியையும் தாகத்தையும் உணர்ந்தால்தான் உள்ளம் தெளியும் என்பது அவர்களின் கருத்து.

ஆறாவது, நோன்பு திறந்த பின்னர் அது ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே உள்ளம் ஊசலாடிக்கொண்டிருப்பது. ஒரு வணக்கத்தை முடித்தவுடன் மனநிறைவு கொண்டு விடாமல், அதன் ஏற்பைக் குறித்துக் கவலைப்பட வேண்டும் என்பது இதன் கருத்து. தம் வாழ்வின் ஆகச் சிறந்த செயலையே ஐயத்துடன் ஆராய்ந்து பார்த்த ஒருவருக்கு இவ்வாறு எழுதும் உரிமை உண்டு அல்லவா?

பசியிலும் முகஸ்துதி

இஹ்யாவின் 23ஆம் பாடம் வயிற்றிச்சையையும் பாலிச்சையையும் அடக்குவது பற்றியது. பசியின் பத்துப் பலன்களை அதில் எண்ணிக் காட்டுகிறார்கள். உள்ளம் ஒளிபெறுதல், இளகுதல், பணிவு தோன்றுதல், ஏழைகளின் துன்பத்தை மறவாதிருத்தல், தேவைகள் குறைந்து மீதியை தர்மம் செய்ய இயலுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அதே வேளையில் உடலை வதைப்பதை அவர்கள் குறிக்கோளாகக் கொள்ளவில்லை. வயிற்றின் பாரமும் தெரியாமல், பசியின் வேதனையும் தெரியாமல் இருக்கும் நடுநிலையே மிகச் சிறந்தது என முடிவுரைக்கிறார்கள்.

அப்பாடத்தின் இறுதியில் வரும் எச்சரிக்கை நம் சிந்தனைக்குரியது. ஒருவர் உணவாசையை அடக்கிவிடுகிறார். தாம் அடக்கியதைப் பிறர் அறிய வேண்டும் என்று விரும்புகிறார். தனிமையில் உண்பதைச் சபையில் உண்ண மறுக்கிறார். இது மறைவான இணைவைப்பு என்கிறார்கள் இமாம் அவர்கள். உணவாசையைவிடப் புகழாசை கொடியது. முன்னதைவிட்டுப் பின்னதில் விழுபவர், தேளுக்கு அஞ்சி ஓடிப் பாம்பிடம் அடைக்கலம் தேடியவருக்கு ஒப்பாவார் என்பது அவர்கள் தரும் உவமை. எவரும் காணாத வணக்கமாகிய நோன்பைக்கூட, பிறர் காணும் காட்சியாக மாற்றிவிட நஃப்ஸால் முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர்

ஹிஜ்ரி 488 துல்கஃதாவில் பாக்தாதைத் துறந்த இமாம் அவர்கள், 11 ஆண்டுகளுக்குப் பின் ஹிஜ்ரி 499 துல்கஃதாவில், கி.பி. 1106இல், நிஷாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த இசைந்தார்கள். மக்களின் ஈமானில் தளர்ச்சி பரவுவதைக் கண்டதும், அமைச்சர் ஃபக்ருல் முல்க் வற்புறுத்தியதும் இதற்குக் காரணங்கள். வெளித்தோற்றத்தில் தாம் பழைய பணிக்கே திரும்பியிருந்தாலும் உண்மையில் திரும்பவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். முன்பு பதவியை ஈட்டித் தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவியை விடச் செய்யும் கல்வியைக் கற்பிப்பதாகவும் வேறுபடுத்திக் காட்டினார்கள்.

இந்த மாற்றத்தை ஐயத்துடன் பார்த்தவர்களும் இருந்தனர். அவர்களின் சமகாலத்தவரான நிஷாப்பூர் அறிஞர் அப்துல் காஃபிர் அல் ஃபாரிஸி, இளமையில் இமாமிடம் இருந்த செருக்கையும் பிறரை இளக்காரமாகப் பார்த்த போக்கையும் அறிந்தவர். ஆகவே இந்த எளிமை நடிப்பாக இருக்கும் என்றே முதலில் எண்ணினார். பலமுறை சந்தித்து ஆராய்ந்த பின்னரே தம் எண்ணம் தவறு என்றும், அவர்கள் உண்மையிலேயே மாறியிருந்தார்கள் என்றும் எழுதி வைத்தார். 500 தீனார் மதிப்புள்ள கோலத்தில் பாக்தாதில் நுழைந்தவர்கள் துறவுக்குப் பின் அங்கு மீண்டும் வந்தபோது, அவர்களின் ஆடை 15 கீராத் மதிப்பிடப்பட்டதாம். அது ஒரு தீனாருக்கும் குறைந்த தொகை.

சில காலத்தில் தூஸ் திரும்பி, வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபியாக்களுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுவது, நல்லோருடன் அமர்வது, பாடம் நடத்துவது என நாளின் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பாக்தாது பீடம் மீண்டும் அவர்களைத் தேடி வந்தது, ஏற்க மறுத்துவிட்டார்கள். இறுதி நாட்களில் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளைக் கற்பதில் ஈடுபட்டார்கள். இஹ்யாவில் பலவீனமான அறிவிப்புகள் இடம்பெற்றிருப்பதை ஹதீஸ் கலை வல்லுநர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஹாஃபிழ் ஜைனுத்தீன் அல் இராக்கி (ரஹ்) அவர்கள் அந்நூலின் ஹதீஸ்களை ஆய்ந்து தனி நூலே எழுதினார்கள். பெரியவர்களை நேசிப்பதும் அவர்களின் எழுத்தை ஆய்ந்து எடுத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை, கி.பி. 1111 டிசம்பரில் அவர்கள் தம் ஊரிலேயே மறைந்தார்கள். அன்று வைகறையில் ஒளுச் செய்து தொழுது, தம் கஃபன் துணியைக் கொண்டுவரச் சொல்லி, அதை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, தம் எஜமானனின் அழைப்புக்குப் பணிவதாகக் கூறி, கிப்லாவை முன்னோக்கிப் படுத்தார்கள். பொழுது புலர்வதற்குள் உயிர் பிரிந்தது என்று தம்பி அஹ்மது அறிவித்ததாக வரலாறு கூறுகிறது. அப்போது வயது சந்திர ஆண்டுக் கணக்கில் 55.

நம் மஹல்லாவுக்கான படிப்பினை

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! இமாம் அவர்களைப் போன்று நாமெல்லோரும் தொழிலையும் பொறுப்பையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பது இவ்வரலாற்றின் பாடமன்று. அவர்களே திரும்பி வந்து கற்பித்தார்கள். யாருக்காகச் செய்கிறோம் என்ற ஒரு கேள்வியை நம் சிறந்த செயல்களிடமே கேட்க வேண்டும் என்பதுதான் பாடம். அக்கேள்வியைக் கேட்டுப் பழகுவதற்கென்றே ஆண்டுக்கொரு மாதத்தை அல்லாஹ் நமக்குத் தந்துள்ளான். அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனம் நோன்பின் நோக்கமாக இறையச்சத்தைக் குறிப்பிடுகிறது. எவரும் காணாத இடத்தில் ஒரு மிடறு நீரைத் தவிர்ப்பவர், எவரும் காணாத இடத்தில் ஒரு பொய்க் கணக்கையும் தவிர்க்க வேண்டும். அளவை நிறுவையிலும், பாகப் பிரிவினையிலும், அண்டை வீட்டாரைப் பற்றிய பேச்சிலும் நோன்பின் விளைவு தெரிய வேண்டும்.

இவ்வாண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களில் நோன்புக் கஞ்சிக்கும் இஃப்தாருக்கும் வழங்கியோரின் பெயர்களும் தொகைகளும் அச்சிடப்படுகின்றன. பொதுப்பணத்தின் கணக்கை ஜமாஅத்தார் முன் வைப்பது நிர்வாகக் குழுவின் மீதுள்ள அமானிதம். அதில் விட்டுக்கொடுக்க இயலாது. ஆயினும் பெயர் வரிசையில் முன்னது எது, பின்னது எது என்று பார்க்கும் கண் நம்மிடம் இருக்குமானால், அந்தக் கண்ணுக்கு நோன்பு இன்னும் வரவில்லை என்றே பொருள். பெயர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்போரும் ஒவ்வொரு ஜமாஅத்திலும் உண்டு. அவர்களின் கொடையும் நோன்பைப் போன்றே அந்தரங்கமானது. பொறுப்பில் இருக்கும் நாமும் இவ்வறிக்கையை எழுதுகையில் நம் நிய்யத்தைச் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். செய்த பணிகளைப் பட்டியலிடும்போது அப்பட்டியல் அமானிதத்தை நிறைவேற்றுவதற்கா, பாராட்டைப் பெறுவதற்கா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம். விடை எப்போதும் மனத்துக்கு இனியதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வரும் ரமளானில் நோன்பு திறக்க அமரும் வேளையில், பாங்கொலிக்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களை வீண்பேச்சில் கழிக்காமல் இமாம் அவர்கள் கூறிய ஆறாவது காரியத்தை நினைவுகூர்வோமாக. இன்றைய நோன்பில் நம் கண் நோன்பு வைத்ததா, நாவு வைத்ததா, உள்ளம் வைத்ததா என்று எண்ணிப் பார்த்து, குறைகளுக்கு மன்னிப்புத் தேடி, ஏற்பை வேண்டிக் கையேந்துவோமாக.

அல்லாஹ் நம் நோன்புகளை முகஸ்துதியின் கலப்பின்றி ஏற்றுக்கொள்வானாக! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! மறைந்த நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! நம் மஹல்லாவின் சிறியோர் பெரியோர் அனைவருக்கும் உள்ளத்தூய்மையை வழங்குவானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.